மாஸ்டரிங்

'ஆசான்', 'தலைவன்' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லான 'மாஜிஸ்தர்' வழியாக வந்தது 'மாஸ்டர்'. இசைத்தட்டுக் காலத்தில் அது மூலத்தட்டைக் குறித்தது. அரக்குப் பூசிய தட்டில் பள்ளம் வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு எடுத்துப் பிரதிகள் அடிப்பார்கள். பேஸ் எனும் தாழ்ந்த ஒலி மிஞ்சினால் முள் பள்ளத்தை விட்டுத் துள்ளும். அதனால் வெட்டுமுன் ஒலியைச் சீர்செய்தாக வேண்டும். அந்த வேலைதான் மாஸ்டரிங். 'ஒலி மெருகூட்டல்' என்ற பெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை; 'மூலப்படியாக்கம்' சரியாக இருக்கும்.

தட்டு வெட்டாத வீட்டுப் பதிவிலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டுகளை −14 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. ஆகவே மாஸ்டரிங் மென்பொருள் தேடும்போது சத்தம் கூட்டுவதை மட்டும் பார்க்காதீர்கள். உரப்பு மானி உள்ள, சீர்செய்யுமுன் உள்ள ஒலியையும் பின் உள்ள ஒலியையும் ஒரே பொத்தானில் மாற்றிக் கேட்கவிடும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள்.