கீழறை இடைச்சுவர்

இதயத்தின் வலது, இடது கீழறைகளைப் பிரிக்கும் சுவர் கீழறை இடைச்சுவர் எனப்படும். மார்புக்கூட்டுக்குள் இரு நுரையீரல்களுக்கு நடுவே, உதரவிதானத்தின் மேல், இதய உறைக்குள் இதயம் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதனால் இச்சுவரும் சாய்வாகவே நிற்கிறது. வலது கீழறை மார்பெலும்பை ஒட்டி முன்னாலும், இடது கீழறை பின்னாலும் அமைகின்றன. சுவரின் பெரும்பகுதி தடித்த தசையாலானது. பெருந்தமனி வால்வுக்கு அருகில் உள்ள சிறுபகுதி மட்டும் மெல்லிய சவ்வு. இச்சுவரில் துளை உண்டா இல்லையா என்ற வழக்கு மருத்துவ உலகில் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

கேலனின் கோட்பாடு

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், உணவிலிருந்து கல்லீரல் குருதியை உண்டாக்குகிறது என்றார். அதில் ஒரு பகுதி இடைச்சுவரின் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் வழியே வலமிருந்து இடம் கசிகிறது என்பது அவர் கருத்து. அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் குரங்கு, பன்றி போன்ற விலங்குகளே. ஆயினும் அவர் சொல்லே பாடமாக நிலைத்தது.

மறுப்புகள்

1242இல் அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ், இப்னு சீனாவின் மருத்துவ நூலுக்கு எழுதிய உரையில், சுவர் கெட்டியானது, புலப்படும் துளையோ புலப்படாத துளையோ அதில் இல்லை என்று எழுதினார். வலது கீழறைக் குருதி நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்தே இடப்பக்கம் வருகிறது என்பதும் அவர் கண்ட முடிவு. அந்த உரையின் படி ஒன்று 1924இல் பெர்லின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்ட பிறகே அவருடைய முதன்மையை உலகறிந்தது.

ஐரோப்பாவில் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ், தம் உடற்கூறு நூலின் 1543ஆம் ஆண்டுப் பதிப்பில் துளைகளைக் குறித்து வியப்போடு நிறுத்திக்கொண்டார். 1555ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐயத்தை வெளிப்படையாக எழுதினார். நுரையீரல் வழிப் பாதையை 1553இல் செர்வெட்டசும் 1559இல் ரியால்டோ கொலம்போவும் விளக்கினர். குருதி உடலெங்கும் சுற்றிவருவதை 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி நிறுவினார். 1651இல் எழுதிய கடிதமொன்றில் அவர் ஒரு சோதனையை விவரிக்கிறார். இறந்த ஒருவரின் நுரையீரல் தமனியைக் கட்டிவிட்டு வலது கீழறைக்குள் நீரைச் செலுத்தினார். அறை உப்பியது, இடப்பக்கம் ஒரு துளியும் வரவில்லை. கேலனின் துளைகளைத் தேடும் வேலை அத்தோடு முடிந்தது.

பிறவித் துளையும் மின்பாதையும்

கருவில் இரு கீழறைகளும் முதலில் ஒன்றாகவே இருக்கும். ஏறக்குறைய எட்டாவது வாரத்துக்குள் சுவர் வளர்ந்து மூடிக்கொள்ளும். மூடாமல் விட்டுப்போகும் இடமே பிறவித் துளை. இதில் இடப்பக்கத்தின் உயர்ந்த அழுத்தத்தால் குருதி இடமிருந்து வலம் பாய்கிறது. கேலன் சொன்ன திசைக்கு இது நேர் எதிர். பிரெஞ்சு மருத்துவர் ஆன்றி ரோஜே இந்நோயை 1879இல் விவரித்தார்.

இதயத்தின் மின்பாதையும் இச்சுவர் வழியே செல்கிறது. 1893இல் மருத்துவர் வில்ஹெல்ம் ஹிஸ், மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் தசைக்கற்றையைக் கண்டார். 1906இல் ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா, இதயத்தின் மின்தூண்டல் இச்சுவர் வழியே இரு கிளைகளாகப் பிரிந்து இறங்கும் பாதையை முழுமையாக வரைந்துகாட்டினார்.

அறுவை மருத்துவம்

1954 மார்ச்சில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அறுவை மருத்துவர் வால்டன் லில்லிஹெய், ஒரு குழந்தையின் குருதியோட்டத்தை அதன் தந்தையின் உடலோடு இணைத்துவைத்துக்கொண்டு, திறந்த இதயத்தில் இத்துளையைத் தைத்து மூடினார். பின்னர் நடந்த அறுவைகள் சிலவற்றில் தையல் மின்பாதையில் பட்டு இதயத்துடிப்பு தடைப்பட்டது. இந்தத் தேவைக்காகவே 1957இல் பொறியாளர் ஏர்ல் பேக்கன், மின்கலத்தில் இயங்கும் கையடக்க இதயமுடுக்கியை உருவாக்கினார். ஹிஸ், தவாரா ஆகியோரின் உடற்கூறு ஆய்வுகள் அறுவை மருத்துவருக்கு உயிர்காக்கும் வழிகாட்டியாயின.

சிறிய துளைகள் பல, குழந்தை வளரும்போது தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரியவற்றை எக்கோ பரிசோதனையில் அளந்து, அறுவையில் ஒட்டுத்துண்டு வைத்துத் தைக்கின்றனர். இடம் பொருந்தினால் தொடை இரத்தக்குழாய் வழியே நுழைக்கும் குழாயின் மூலம் அடைப்பான் பொருத்துகின்றனர்.