அரை மணி நேர ஓய்வு

எங்க ஊர் ஒடுகத்தூர் பக்கம் ஜவ்வாது மலையில ஒரு ஏற்றம் ஏறினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துடுவேன். (பொட்டி தட்டுற உடம்பு, வேறென்ன!) அப்போ ஞாபகம் வர்றவர் மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ்.

1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக், 57 கிலோ பிரிவு. ஜப்பானின் இஷியோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டித் தோற்றார். உடனே அடுத்த மோதல், சோவியத் வீரரோடு. நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தரணும் என்பது விதி. கேட்டு வாங்கித்தர அங்கே இந்திய அதிகாரி ஒருத்தர்கூட இல்லை. களைத்த உடம்போடு இறங்கி, அதிலும் தோற்றார். கிடைத்தது வெண்கலம், சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம்.

மல்யுத்தத்தில் கழுத்து, முதுகு, கை, கால் எல்லாமே ஒரே நேரத்தில் உழைக்கும். தசை சோர்ந்தால் பழகிய பிடியும் நழுவும். தண்டால், பஸ்கி எத்தனை போட்டிருந்தாலும் சரி, ஓய்வில்லாத உடம்பு சொன்ன பேச்சு கேட்காது. அந்த அரை மணி நேரம் கிடைச்சிருந்தா பதக்கத்தோட நிறம் மாறியிருக்குமோ?