எதிரி பேச்சை ஒட்டு கேட்கும் அதிகாரி: ராணுவ உளவு தலைவரின் வேலை என்ன?

கார்கிலில் எதிரி புகுந்ததை முதலில் பார்த்து சொன்னது யார்? செயற்கை கோளா? உளவாளியா? இரண்டும் இல்லை. கால்நடை மேய்க்கிற ஒரு ஆள்!

1999-ம் ஆண்டு மே மாத ஆரம்பம். லடாக்கில் பட்டாலிக் பக்கம் கார்கோன் என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் தாஷி நம்கியால், காணாமல் போன தனது சடை எருமையை தேடி மலைக்கு போனார். கையில் பைனாகுலர் இருந்தது. அதில் பார்த்தால், மேலே யாரோ சிலர் கல்லை புரட்டி பதுங்கு இடம் அமைத்து கொண்டு இருந்தார்கள். நம்ம ஆட்கள் மாதிரி தெரியவில்லை. கீழே இறங்கி வந்து ராணுவத்திடம் சொன்னார்.

அதன் பிறகுதான் விஷயம் வெளியே வர ஆரம்பித்தது. பாகிஸ்தான் படை எல்லை கட்டுப்பாட்டு கோட்டை தாண்டி, மலை உச்சிகளில் உட்கார்ந்து விட்டது. ஜூலை 26-ந்தேதி யுத்தம் முடிந்தபோது நமது வீரர்கள் 527 பேர் உயிரை கொடுத்து இருந்தார்கள்.

இனி இப்படி நடக்க கூடாது என்பதற்காக உருவாக்கப்பட்டதுதான் ஒரு பெரிய பதவி. ராணுவ புலனாய்வு முகமையின் டைரக்டர் ஜெனரல். சுருக்கமாக டி.ஐ.ஏ. தலைவர். இவர் யார்? என்ன வேலை செய்கிறார்? விவரம் வருமாறு:-

திருச்சி மேஜர்

திருச்சிக்காரர்களுக்கு மேஜர் மாரியப்பன் சரவணனை தெரியாமல் இருக்காது. ஊருக்குள் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. பீகார் ரெஜிமெண்ட் அதிகாரி. வயது 26. பட்டாலிக்கில் எதிரி பிடித்து வைத்திருந்த மலையை மீட்க தனது ஆட்களோடு ஏறினார். 1999 மே 29-ந்தேதி அங்கேயே வீரமரணம் அடைந்தார். எதிரியின் குண்டு மழையில் அவரது உடலை கூட கீழே கொண்டு வர முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் அந்த பனியிலேயே கிடந்தது.

மேலே எதிரி எத்தனை பேர், என்ன ஆயுதம் வைத்து இருக்கிறார்கள் என்ற சரியான கணக்கு முதல் நாட்களில் கீழே இருந்தவர்களுக்கு தெரியாது. தெரியாமல்தான் ஏறினார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அப்போது பாகிஸ்தான் ராணுவ தளபதி முஷரப் சீன தலைநகர் பீஜிங் போய் இருந்தார். அங்கிருந்து தனது நாட்டில் இருந்த ஜெனரல் அஜீசுடன் போனில் பேசினார். மே 26-ந்தேதி ஒரு தடவை, 29-ந்தேதி ஒரு தடவை. இரண்டையும் நமது உளவுத்துறை ஒட்டு கேட்டு பதிவு செய்து விட்டது. ஜூன் 11-ந்தேதி அந்த உரையாடலை இந்தியா வெளியிட்டது. வந்தது போராளிகள் என்று பாகிஸ்தான் சொன்ன கதை அதோடு அம்பலம் ஆனது.

அதாவது, பீஜிங்கில் பேசிய பேச்சு நம்ம காதில் விழுந்தது. ஆனால் நம்ம மலையில் மாதக்கணக்கில் நடந்த நடமாட்டம் கண்ணில் படவில்லை!

போய் சேராத கடிதம்

இந்த தப்பு எப்படி நடந்தது என்று விசாரிக்க, யுத்தம் முடிந்த கையோடு 4 பேர் குழு அமைக்கப்பட்டது. தலைவர் கே.சுப்பிரமணியம். இவரும் திருச்சியில் பிறந்தவர்தான்.

இந்த குழுவின் அறிக்கை 2000-ம் ஆண்டு பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் ஒரு தகவல் படித்தால் வயிறு எரியும். யுத்தத்துக்கு ஒரு வருஷம் முன்பே, 1998 ஜூனில், எல்லைக்கு அந்த பக்கம் நடமாட்டம் கூடுது என்று உளவுத்துறையான ஐ.பி.யின் தலைவர் டெல்லியில் கடிதம் எழுதி இருக்கிறார். ஆனால் அந்த கடிதம் யாருக்கு முக்கியமாக போக வேண்டுமோ அந்த 3 பேருக்கு அனுப்பப்படவில்லை. வெளிநாட்டு உளவை பார்க்கும் 'ரா' தலைவர், கூட்டு உளவு குழு தலைவர், தரைப்படை உளவு பிரிவின் தலைவர். இந்த 3 பேருக்கும் இல்லை.

தகவல் இல்லாமல் இல்லை. துண்டு துண்டாக இருந்தது. ஒருத்தருக்கு தெரிந்தது இன்னொருத்தருக்கு தெரியாது. சேர்த்து வைத்து பார்க்க ஆள் இல்லை. அந்த ஆளாக இருக்கத்தான் டி.ஐ.ஏ. தலைவர் பதவி.

சுப்பிரமணியம் குழு அறிக்கையை மந்திரிகள் குழு ஆராய்ந்தது. அதன் சிபாரிசுப்படி 2002 மார்ச்சில் டி.ஐ.ஏ. தொடங்கப்பட்டது. முதல் தலைவர் லெப்டினென்ட் ஜெனரல் கமல் தாவர்.

வேலைகள் என்னென்ன?

* சேர்த்து பார்ப்பது: தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனி உளவு பிரிவு உண்டு. அவை கொண்டு வரும் தகவல்களை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டு பார்ப்பதுதான் முதல் வேலை. ஒரு பேச்சுக்கு சொல்வோம். எதிரி நாட்டில் குளிர் தாங்கும் பூட்ஸ் மொத்தமாக வாங்குகிறார்கள். இது ஒரு தகவல். மலைப்பக்கம் போகிற லாரிகள் கூடி இருக்கிறது. இது இன்னொரு தகவல். தனியாக பார்த்தால் இரண்டும் சாதாரணம். சேர்த்து பார்த்தால்தான் விபரீதம் புரியும்.

* ஒட்டு கேட்பது: எதிரி படையின் ரேடியோ பேச்சு, ரகசிய சங்கேத செய்தி, ரேடார் அலை ஆகியவற்றை பிடித்து அர்த்தம் கண்டுபிடிக்கும் சிக்னல் உளவு பிரிவு இவர் கையில் இருக்கிறது.

* வானத்தில் இருந்து பார்ப்பது: செயற்கை கோள் எடுக்கும் படங்களை அலசும் மையமும் இவருக்கு கீழ்தான். போன மாதம் வெறும் பாறையாக இருந்த இடத்தில் இந்த மாதம் கூடாரம் முளைத்தால் அதை கண்டுபிடித்து சொல்ல வேண்டும்.

* வெளிநாட்டு தூதரகம்: நமது தூதரகங்களில் ராணுவ அதிகாரிகளும் இருப்பார்கள். அந்த நாட்டு ராணுவம் பற்றி அவர்கள் அனுப்பும் அறிக்கைகள் இங்கே வந்து சேரும்.

* ஆலோசனை சொல்வது: எல்லாவற்றையும் அலசி, என்ன நடக்க போகுது என்று ராணுவ மந்திரிக்கும், முப்படை தலைமை தளபதிக்கும் சொல்ல வேண்டும். இதுதான் கஷ்டமான வேலை. தப்பாக எச்சரித்தால் வீணாக படையை நகர்த்த வேண்டி வரும். எச்சரிக்காமல் விட்டால் உயிர் போகும்.

3 படைகளில் எந்த படையில் இருந்தும் இந்த பதவிக்கு வரலாம். தரைப்படை என்றால் லெப்டினென்ட் ஜெனரல், கடற்படை என்றால் வைஸ் அட்மிரல், விமானப்படை என்றால் ஏர் மார்ஷல் அந்தஸ்தில் இருக்க வேண்டும்.

குழப்பம் வேண்டாம்

நமது வீரர்கள் தங்களுக்குள் பேசும் ஒயர்லெஸ், போன் இணைப்பு எல்லாம் டி.ஐ.ஏ. வேலை அல்ல. தரைப்படையில் அதை சிக்னல்ஸ் பிரிவு பார்க்கிறது. 1911-ல் தொடங்கிய பழைய பிரிவு அது. அதற்கும் லெப்டினென்ட் ஜெனரல் அந்தஸ்தில் தனி தலைவர் உண்டு. நம்ம பேச்சு எதிரிக்கு கேட்காமல் பார்த்து கொள்வது அவர் பொறுப்பு. எதிரி பேச்சு நமக்கு கேட்கும்படி செய்வது இவர் பொறுப்பு.

உள்ளூரில் நடக்கும் சதியை ஐ.பி. பார்க்கும். வெளிநாட்டு உளவு 'ரா' வேலை. அவர்களுக்கு கிடைக்கும் ராணுவ விஷயம் நேரத்தோடு டி.ஐ.ஏ.வுக்கு வர வேண்டும். வராமல் போனால் மறுபடியும் பழைய கதைதான்.

எல்லாம் சரியாகி விட்டதா?

ஆகி விட்டது என்று சொல்லி விட முடியாது. 2020 ஜூன் 15-ந்தேதி லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீன வீரர்களுடன் நடந்த மோதலில் நமது வீரர்கள் 20 பேர் பலியானார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரை சேர்ந்த ஹவில்தார் பழனி. சீன படை இவ்வளவு பேர் எல்லைக்கு வந்து குவிந்தது முன்கூட்டியே தெரியாதா என்ற கேள்வி அப்போதும் எழுந்தது.

படம் எடுக்க செயற்கை கோள் இருக்கலாம். பேச்சை பிடிக்க மெஷின் இருக்கலாம். அது சரியான ஆளிடம், சரியான நேரத்தில் போய் சேர்ந்தால்தான் பலன். சேராவிட்டால் 1998-ல் எழுதிய அந்த கடிதத்தின் கதிதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு

நம்ம ஊரில் ராணுவத்துக்கு பிள்ளையை அனுப்பிய வீடுகள் ஏராளம். நாம் எதிரியை ஒட்டு கேட்பது மாதிரி எதிரியும் நம்மை கேட்டு கொண்டுதான் இருக்கிறான். 2020 ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 ஆப்களை போனில் இருந்து எடுத்து விடும்படி தரைப்படை தனது ஆட்களுக்கு உத்தரவு போட்டது இதனால்தான்.

பையன் எந்த முகாமில் இருக்கிறான், எப்போது வேறு இடம் போகிறான், யூனிபார்மில் எடுத்த போட்டோ... இதையெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். தெரியாத பெண் பெயரில் வந்து பாசமாக விசாரித்தாலும் வாயை திறக்காதீர்கள். எதிரியும் துண்டு துண்டாக சேர்த்துத்தான் கணக்கு போடுகிறான். அதில் ஒரு துண்டு நம்ம வீட்டில் இருந்து போக வேண்டாம்.