இடம் மாறிய வீரர்



பழகிய வகுப்பை விட்டு வேறு வகுப்பிற்கு மாற்றப்படும்பொழுதெல்லாம் நான் ஜேக்கி ராபின்சனை எண்ணிக்கொள்வேன்.

அமெரிக்கப் பேஸ்பாலின் முதன்மை லீக்குகளில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. 1945இல் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்னும் கறுப்பினக் குழுவில் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று ஆடிய ராபின்சன், 1946இல் மாண்ட்ரியலில் இரண்டாம் தளத்தைக் காத்தார். 1947 ஏப்ரல் 15ஆம் நாள் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவில் களமிறங்கி அத்தடையை உடைத்தார். அங்கே இரண்டாம் தளத்தில் வேறொருவர் இருந்தமையால், பழக்கமில்லாத முதல் தளத்தைக் கற்றுக்கொண்டார். ஏச்சுகளுக்கிடையே அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரரானார். 1948இல் இரண்டாம் தளம் மீண்டும் அவருக்குக் கிட்டியது. 1949இல் தேசிய லீக்கின் தலைசிறந்த வீரர் விருதும் கிட்டியது.

1953இல் அவ்விடத்திற்கு ஜிம் கில்லியம் என்ற கறுப்பின இளைஞர் வந்தார். ராபின்சன் மூன்றாம் தளத்திற்கும் வெளிக்களத்திற்கும் நகர்ந்தார். தாம் திறந்த கதவின் வழியே வந்தவர்க்கே தம் இடத்தை விட்டுக்கொடுத்தார். 1955இல் அக்குழு உலகத் தொடரை வென்றது.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கே நெடுநாள் கற்பித்த நான், இவ்வாண்டு முதலாம் ஆண்டு வகுப்பிற்குச் செல்கின்றேன். மனம் சற்று வாடத்தான் செய்கிறது. பிள்ளைகள் அகரம் பயிலும்பொழுது நானும் உடன் பயில்வேன்.