அரியலூர் விபத்து: அமைச்சர் பதவி விலகினார், பதில் சொன்னது யார்?

இந்தியாவில் எங்கே பெரிய இரயில் விபத்து நடந்தாலும் மறுநாளே ஒரு பெயர் பேச்சில் வந்துவிடும். லால் பகதூர் சாஸ்திரி! "அந்தக் காலத்தில் ஒரு மந்திரி விபத்துக்குப் பொறுப்பேற்று பதவியைத் தூக்கி எறிந்தார், இப்போது யார் செய்கிறார்கள்?" என்று டீக்கடையிலும் கேட்கிறார்கள், பாராளுமன்றத்திலும் கேட்கிறார்கள். அந்த விபத்து நடந்தது நம் அரியலூரில் என்பது பலருக்கு மறந்துவிட்டது.

1956 நவம்பர் 23. அரியலூர் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. பெருமழையில் மருதையாறு கரைபுரண்டு ஓடியது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன் ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது வெள்ளம் பாதையைச் சேதப்படுத்தியிருந்தது. ஓட்டுநருக்கு அது தெரிய வழியில்லை. என்ஜினும் அதை அடுத்த பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. தூக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீரில் கண் விழித்தார்கள். இறந்தவர்கள் சுமார் 150 பேர்.

இது தனியாக வந்த விபத்தும் அல்ல. அதற்கு மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 2ம் தேதி ஹைதராபாத் மாநிலத்தின் மகபூப்நகர் அருகே இதேபோல ஒரு பாலம் மழையில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அப்போதே சாஸ்திரி இராஜினாமா கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் நடந்ததும் மறுபடியும் கடிதம் கொடுத்தார். இந்தமுறை நேரு ஏற்றுக்கொண்டார்.

நேரு பாராளுமன்றத்தில் கொடுத்த விளக்கம்தான் இங்கே முக்கியம். விபத்துக்கு சாஸ்திரி எந்த விதத்திலும் காரணம் என்று தான் நினைக்கவில்லை, ஆனால் அரசியல் சட்ட மரபுக்கு இது ஒரு முன்மாதிரியாக இருக்கும், அதனால் ஏற்கிறேன் என்ற பொருளில் பேசினார். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான நிலைமை. பொறுப்பேற்றவர் தவறு செய்யவில்லை. அப்படியானால் தவறு எங்கே? இரண்டு பாலங்கள் ஒரே மழைக்காலத்தில் ஏன் விழுந்தன? இராஜினாமா அந்தக் கேள்விக்குப் பதில் அல்ல. சொல்லப்போனால், அந்தக் கேள்வியின் சத்தத்தை அது குறைத்துவிட்டது என்றே சொல்லலாம்.

அந்த ஆண்டின் கணக்கைப் பார்த்தால் வேறு ஒரு படம் கிடைக்கிறது. 1956 ஏப்ரலில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. உருக்காலைகளும் நிலக்கரியும்தான் அதன் உயிர், அவற்றைச் சுமக்க வேண்டியது இரயில். ஐந்தாண்டுக்கு இரயில்வே கேட்ட தொகை 1480 கோடி ரூபாய். கிடைத்தது 1125 கோடி. போரின்போது தேய்ந்துபோன பாதைகளையும் பழைய என்ஜின்களையும் மாற்றுவதும் இதே பணத்தில்தான், புதிய சுமையைத் தாங்குவதும் இதே பணத்தில்தான். இந்தக் குறைப்பால்தான் மருதையாற்றுப் பாலம் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இரயில்வேக்கு எவ்வளவு, எதற்கு முதலில் என்று முடிவு செய்தது ஒரு அமைச்சர் மட்டும் அல்ல, முழு அரசாங்கமும் திட்டக் குழுவும். அவர்கள் யாரும் கடிதம் கொடுக்கவில்லை!

சென்னை மாநிலத்தில் கோபம் வேறு பக்கம் திரும்பியது. இரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் செங்கல்பட்டு எம்.பி. ஓ.வி.அழகேசன். 1957 தேர்தலில்தான் தி.மு.க. முதல் முறையாகப் போட்டியிட்டது. அழகேசனை அரியலூரோடு சேர்த்து, 'ஆண்டது' 'மாண்டது' என்று எதுகையாகக் கேட்ட முழக்கம் இன்றும் பழைய கட்சிக்காரர்களுக்கு மனப்பாடம். அந்தத் தேர்தலில் அழகேசன் தோற்றார். 1962ல் அதே தொகுதியில் ஜெயித்து மறுபடியும் மத்திய அரசில் அமைச்சரானார். சாஸ்திரியோ 1957லேயே போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சராகத் திரும்பி வந்துவிட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதவி விலகல் என்பது எவ்வளவு சின்ன தண்டனை என்பதற்காகச் சொல்வது.

சரி, அரசாங்கத்தை உண்மையில் கேள்வி கேட்டது யார்? அதற்குப் பெயர் தெரியாத சிலரைத் தேட வேண்டும்.

இரயில் விபத்துகளை விசாரிக்கும் ஆய்வாளர்கள் ஆங்கிலேயர் காலத்தில் இரயில்வே வாரியத்தின் கீழேயே இருந்தார்கள். அதாவது வாரியத்தின் தவறை வாரியத்தின் ஊழியரே கண்டுபிடிக்க வேண்டும்! இது சரியில்லை என்று 1941ல் அவர்களை வாரியத்திடமிருந்து பிரித்து வேறு துறையின் கீழ் வைத்தார்கள். 1961ல் இந்த அமைப்புக்கு இரயில்வே பாதுகாப்பு ஆணையம் என்று பெயர் வந்தது. 1967 முதல் அது விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் அமைச்சகத்தில் இருக்கிறது. இரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சம்பந்தம் இல்லாததுதான் அதன் பலம்.

அதோடு குழுக்கள். 1962ல் குன்ஸ்ரு குழு, 1968ல் வாஞ்சூ குழு, 1978ல் சிக்ரி குழு, 1998ல் கன்னா குழு, 2012ல் ககோத்கர் குழு அறிக்கை. ஒவ்வொன்றும் தடிமனான புத்தகம். பாதை புதுப்பித்தல், பாலம், சிக்னல், ஆள் பற்றாக்குறை, பணம் என்று திரும்பத் திரும்ப அதே விஷயங்கள். ஒரு குழுவின் பரிந்துரை என்ன ஆனது என்பதை அடுத்த குழு வந்துதான் தேட வேண்டியிருந்தது.

பிறகும் இராஜினாமாக்கள் வந்தன. 1999 ஆகஸ்டில் மேற்கு வங்காளத்தின் கைசால் நிலையத்தில் இரண்டு இரயில்கள் நேருக்கு நேர் மோதியபோது நிதிஷ் குமார் விலகினார். 2001ல் அதே பதவிக்கு வந்தார். 2017ல் கத்தௌலி விபத்துக்குப் பின் சுரேஷ் பிரபு விலக முன்வந்தார், சில நாட்களில் வர்த்தகத் துறைக்கு மாற்றப்பட்டார்.

2023 ஜூன் 2ம் தேதி சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் சரக்கு வண்டி மேல் மோதி 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எதிர்க்கட்சிகள் உடனே சாஸ்திரியை நினைவூட்டின. அமைச்சர் விலகவில்லை. ஆனால் பாதுகாப்பு ஆணையர் விசாரித்து, முன்பு சிக்னல் சுற்றில் செய்த மாற்றத்தில் நடந்த தவறே காரணம் என்று அறிக்கை கொடுத்தார். அடுத்த மாதமே அது மாநிலங்களவையில் பதிலாக வந்தது. மூன்று இரயில்வே ஊழியர்களை சி.பி.ஐ. கைது செய்தது.

இன்னொரு அறிக்கையும் இருந்தது, அதை அதிகம் பேர் படிக்கவில்லை. இரயில்கள் தடம் புரள்வதைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதியது. பாதுகாப்புக்காகவே 2017ல் ஐந்தாண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று ஒரு நிதி அறிவிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் கால் பிடித்துவிடும் மெஷினும் பீங்கான் பாத்திரங்களும் வாங்கியிருந்ததைத் தணிக்கையாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாதையை அளந்து பார்க்கும் வண்டிகள் ஓட வேண்டிய அளவுக்கு ஓடவில்லை என்பதையும் எழுதினார்கள். பாலசோருக்குக் காரணம் சிக்னல், ஆகவே இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்த அறிக்கை 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நாடு அதைப் பற்றிப் பேசத் தொடங்கியது பாலசோருக்குப் பிறகு.