ஒற்றை விசிறியில் ஒரு பயணம்

2003ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்துகொண்டிருந்த சிறிய பிரயாணிகள் விமானம் ஒன்றில் எனக்கு யன்னலோர இருக்கை கிடைத்திருந்தது. புறப்பட்டு இருபது நிமிடங்கள் ஆகியிருக்கும். இரைச்சலின் சுருதி திடீரென மாறியது. விமானம் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மீண்டும் நேரானது. இடது இறக்கையில் அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் சுழன்றுகொண்டிருந்த விசிறியின் தகடுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. சற்று நேரத்தில் அவை அசைவற்று நின்றுவிட்டன.

பக்கத்து இருக்கையில் கொழும்பில் வைத்தியம் பார்க்கப் போகும் ஓர் அம்மா இருந்தார்.

"தம்பி, உந்தக் காத்தாடி நிண்டுபோச்சுதே?"

"ஓம் அம்மா. மற்றது ஓடுது, பயப்பிடாதேங்கோ."

"அடிச்சுப்போட்டாங்களோ?"

உலகின் வேறெந்த விமானத்திலும் ஒரு பிரயாணி இயந்திரம் பழுதானதா என்று கேட்பார். எங்கள் ஆகாயத்தில் முதற் கேள்வி அதுவாக இருக்கவில்லை. "இல்லையம்மா, தானாத்தான் நிண்டது" என்றேன். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை இன்றும் மறக்க முடியவில்லை. அரைமணி நேரத்துக்கும் மேலாக ஒற்றை இயந்திரத்தில் பறந்து, பத்திரமாக இரத்மலானையில் இறங்கினோம்.

பலாலியின் வரலாறு பெரும்பாலும் இரட்டை இயந்திர விமானங்களின் வரலாறே. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற்பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. 'காங்கேசன்துறை' என்று அட்டவணையில் போட்டாலும் விமானம் இறங்கியது பலாலியில்தான். 'சீதாதேவி' என்று பெயர் சூட்டப்பட்ட அந்த டிசி-3 விமானத்தின் இரு இறக்கைகளிலும் பதினான்கு சிலிண்டர்கள் கொண்ட இயந்திரம் ஒவ்வொன்று இருந்தது. பின்னர் ரோல்ஸ் ரொய்ஸ் டார்ட் இயந்திரங்கள் பூட்டிய அவ்ரோ 748 வந்தது. என் தலைமுறையினர் சிறுவயதில் வசாவிளான், குரும்பசிட்டிப் பக்கமாக அண்ணாந்து பார்த்தது இந்த அவ்ரோவைத்தான்.

இரண்டு இயந்திரம் இருந்தால் ஒன்று நின்றாலும் கவலையில்லை என்று பலரும் எண்ணுவார்கள். விமானிகள் அப்படி எண்ணுவதில்லை. ஒன்று நின்றதும் பாதி வலு போகிறது. ஆனால் மேலேறும் திறன் பாதியைவிட அதிகமாகக் குறைந்துவிடும். ஓடும் இயந்திரம் தன் பக்கத்தை முன்னே தள்ள, விமானம் நின்றுபோன பக்கமாகத் திரும்பும். அந்தப் பக்க இறக்கையும் தாழும். விமானி எதிர்ப்பக்கக் காலால் சுக்கான் மிதியை அழுத்தி நேராக்க வேண்டும். எந்தக் காலுக்கு வேலையில்லையோ அந்தப் பக்கத்து இயந்திரமே செத்தது என்பது விமானப் பள்ளிகளின் பாலபாடம். வேகத்தை ஓர் எல்லைக்குக் கீழே விட்டால் சுக்கானுக்குக் காற்றின் பிடி போதாது. விமானம் குப்புறப் புரண்டுவிடும்.

அடுத்த வேலை விசிறியை நிறுத்துவது. செத்த இயந்திரத்தின் விசிறி எதிர்காற்றில் சும்மா சுழன்றால் அதுவே பெரிய தடை. ஆகவே தகடுகளின் விளிம்பு காற்றுக்கு முகம் கொடுக்கும்படி திருப்பிவிடுவார்கள். 'ஃபெதர்' செய்வது என்று இதற்குப் பெயர். அன்று என் யன்னலுக்கு வெளியே நான் கண்டதும் அதுதான். பிறகு எரிபொருளை அடைக்க வேண்டும். இங்கே அவசரம் ஆளைக் கொல்லும். 2015 பெப்ரவரி 4ஆம் திகதி தைப்பேயில் புறப்பட்ட டிரான்ஸ்ஏசியா ஏடிஆர் 72 விமானத்தில் ஓர் இயந்திரத்தின் விசிறி தானாக ஃபெதர் ஆனது. விமானி நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற இயந்திரத்தை நிறுத்திவிட்டார். 43 பேர் மாண்டனர்.

இந்தக் கலை எல்லாம் இயந்திரம் தானாகப் பழுதாகும்போதுதான் உதவும். வெப்பத்தைத் தேடிவரும் தோளிலிருந்து ஏவப்படும் ஏவுகணை, பெரும்பாலும் இயந்திரத்தையே தாக்கும். விமானி அறையின் கருவிகளில் அது முதற்கணம் இயந்திரத் தீயாகவே தெரியக்கூடும். 1995 ஏப்ரல் 28ஆம் திகதி பலாலியில் விமானப்படையின் அவ்ரோ ஒன்று வீழ்ந்தது. மறுநாளே அதே வகை விமானம் இன்னொன்று அதே வான்பரப்பில் பறந்து வீழ்ந்தது. இரண்டிலும் 90க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதல் விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்பது ஐயமறத் தெரிந்திருந்தால் இரண்டாவது அப்படிப் புறப்பட்டிருக்குமா என்பது என் பழைய கேள்வி.

அவை படையினரை ஏற்றிச் சென்றவை. லயன் எயாரின் 602ஆம் இலக்க விமானம் அப்படியல்ல. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பிற்பகல் 48 பிரயாணிகளுடனும் 7 பணியாளருடனும் அந்த அன்டனோவ் 24 பலாலியிலிருந்து கிளம்பியது. அன்று தரைப்பாதை இல்லை; கப்பலுக்கோ காத்துக்கிடக்க வேண்டும். ஏறியவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர்ச் சனங்கள். பத்து நிமிடங்களளவில், அறையின் அழுத்தம் குறைகிறது என்று விமானி அறிவித்தார். அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் பத்திரிகை அலுவலகத்தில் என்னென்ன எழுதினோம்! கோளாறு என்றோம், ஏவுகணை என்றோம், ஒரே பத்தியில் இரண்டையும் போட்டோம். உடைந்த பாகம் ஒன்றும் இல்லாமல் எதையும் நிறுவ இயலாது. உடலும் இல்லை, காரணமும் இல்லை. எங்காவது கரையேறி உயிரோடு இருப்பார்கள் என்று நம்பிய குடும்பங்களுக்கு நாங்கள் எழுதிய 'கோளாறு' என்ற சொல்லும் ஒரு பிடிமானமாக இருந்தது. அதை எழுதியதற்காக இன்று வருந்துகிறேன்.

2012 ஒக்டோபரில்தான் இரணைதீவுக் கடலடியில் சிதைவுகளைக் கடற்படையினர் கண்டெடுத்தனர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையே தாக்கியது என்று விசாரணையாளர் முடிவு செய்தனர். பின்னர் கடலிலிருந்து எடுத்த உடைகளும் உடைமைகளும் உறவினர் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் வைக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உப்புநீரில் கிடந்த துணியில் தையலைத் தேடிப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று எழுத என்னிடம் மொழியில்லை.

2019 ஒக்டோபரில் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அலையன்ஸ் எயாரும், 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் சென்னைச் சேவைக்கு அமர்த்தியவை ஏடிஆர் விமானங்கள். அவற்றுக்கும் இயந்திரம் இரண்டுதான். அண்மையில் அதில் வந்தபோது பழக்கதோஷத்தால் விசிறிக்கு நேரான இருக்கையையே கேட்டு வாங்கினேன். ஆறு தகடுகள். வழிநெடுக அவை கண்ணுக்குத் தெரியவில்லை. வடக்கேயிருந்து வரும் பாதை அது. இரணைதீவுப் பக்கம் அந்த யன்னலிலிருந்து தெரியாது.