மெட்டாலிகாவா, ரீகாலிஸா?

செஞ்சியை அடுத்த பக்கமலைக் காப்புக்காட்டில் மெட்டாலிகா டாரன்டுலா இருப்பதை 2020இல் புதுச்சேரி ஆய்வாளர்கள் கண்டனர். ஐரோப்பியச் சிலந்தி வளர்ப்போர் அடுத்து எதை வாங்குவது என்று அதன் உறவினமான ரீகாலிஸோடு சேர்த்து எடைபோடும் அதே நீலச் சிலந்திதான் இது.

இரண்டும் பொய்சிலோதேரியா பேரினம். இரண்டையும் 1899இல் விவரித்தவர் போகாக் என்ற ஒரே அறிஞர். வியப்பு அடுத்து வருகிறது: மெட்டாலிகாவின் முதல் மாதிரி ஆந்திரத்தின் கூட்டி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது, ரீகாலிஸின் முதல் மாதிரி நம் அரக்கோணத்தில். இரண்டுமே ரயில் சந்திப்புகள். ஆனால் ரீகாலிஸ் கிழக்கு மேற்கு மலைத்தொடர்கள் இரண்டிலும் பரவலாக வாழ்கிறது. மெட்டாலிகாவுக்குக் கூட்டி சொந்த ஊரே அன்று; வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்திருக்கவேண்டும். நூறாண்டு கழித்து, 2001இல்தான், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலான காட்டில் அதை மீண்டும் கண்டார்கள்.

நிறத்தில் மெட்டாலிகா முந்துகிறது. அந்த நீலம் சாயம் அன்று, மயிர்களின் நுண்கட்டமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. ரீகாலிஸின் அழகு சாம்பல் கோலம். சீண்டினால் முன்கால்களைத் தூக்கி அடிப்புற மஞ்சளைக் காட்டும். உருவத்தில் ரீகாலிஸ் சற்றுப் பெரிது, ஒளிந்துகொள்வதில் மெட்டாலிகா கெட்டி. மின்னல் வேகமும், கடித்தால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு தரும் நஞ்சும் இரண்டுக்கும் பொது. உயரமான கூண்டும் செங்குத்தாக நிறுத்திய மரப்பட்டையும் இரண்டுக்கும் தேவை. முதல் சிலந்தியாக இரண்டில் எதுவும் வேண்டாம்.

கூண்டில் இரண்டுமே எளிதாக இனம்பெருகுவதால் கடையில் மெட்டாலிகாவும் அரிதன்று. காட்டிலோ அது மிக அருகிய இனம். ரீகாலிஸுக்கு அந்த அச்சமில்லை. கடைப் பெட்டியைப் பார்த்துக் காட்டின் நிலையை ஊகிக்க முடியாது என்பதே இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2019இல், அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் பேரினம் முழுவதையும் தன் 2ஆம் பட்டியலில் சேர்த்தது.

அயல்நாட்டில் சேகரிப்பை வளர்க்கும் தமிழருக்கு என் தேர்வு ரீகாலிஸ்: பெரியது, அடிக்கடி கண்ணில் படும். மெட்டாலிகாதான் வேண்டுமென்றால், கூண்டில் பிறந்த குஞ்சுக்குரிய தாள்களைக் கேட்டு வாங்குங்கள். பக்கமலை ஏறுவோர் மரப்பொந்தில் நீலக்கால் தெரிந்தால் கை நீட்டாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.